பீரோவுக்குள் ஒரு காது

பள்ளி வாசலிலேயே என் போனைப் பிடுங்கிவிட்டார்கள்.

"நாங்க துப்பறியறவங்க. இங்க படிக்க வரல," என்றேன்.

"யாரா இருந்தாலும் இதே சட்டம்தான் சார்," என்று காவலாளி ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டினார்.

"தொலைஞ்சு போச்சுன்னா?"

"இவன் போன் தொலையவே தொலையாது," என்றாள் கொக்கு அக்கா. "வாரம் ஒரு தடவை எங்கயாவது விட்டுட்டு வருவான். எடுத்தவங்களுக்குப் பூட்டைத் திறக்கத் தெரியாது. அவசர அழைப்பை அமுக்குவாங்க. அது நேரா இவங்க அம்மாவுக்குப் போகும். அந்தம்மா இவனைத் திட்டற திட்டைக் கேட்டுட்டு, எடுத்தவங்களே பயந்துபோய்த் திருப்பிக் குடுத்துடுவாங்க."

காவலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மாலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

காரணம், எங்கள் பின்னால் நின்ற தையல்கார அம்மா. நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தவள், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள். இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. சின்னவனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. காதில் மிஷின் மாட்டினால்தான் கேட்கும். இரண்டு மாதம் முன்னால் ஒரு சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த பையனை, பின்னால் வந்த வேன் அடித்துத் தூக்கி எறிந்தது. ஹாரன் அடித்தேன், பையன் திரும்பவே இல்லை என்றான் வேன்காரன். எப்படித் திரும்புவான்? அன்றைக்கு அவன் காதில் மிஷின் இல்லை. பள்ளியில் பிடுங்கிவிட்டார்கள் என்று பையன் சொல்கிறான். நாங்கள் எதையும் எடுக்கவில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டே போயிருப்பான் என்கிறது பள்ளி. ஒரு கால் இனி நேராகாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

அது போதாதென்று இப்போது மூத்தவள் தலையில் இடி. சுருட்டை முடி என்பதால் பள்ளியில் அவளுக்குச் சுருட்டை என்றே பெயர். அடுத்த மாதம் பொதுத் தேர்வு. இன்று மூன்று மணிக்கு அவளைப் பள்ளியைவிட்டு நீக்கப்போகிறார்கள்.

"எம்பொண்ணு செய்யல மேடம்," என்று நேற்று அந்த அம்மா சொன்னாள். "செஞ்சிருந்தா நானே பாராட்டியிருப்பேன். ஆனா செய்யல."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அக்கா இந்த வழக்கை எடுத்துக்கொண்டாள். அக்காவைக் கொக்கு என்று ஊரே அழைப்பதற்குக் காரணம் அவள் உயரமும் பொறுமையும். அசையாமல் நிற்பாள், ஆள் வசமாக வரும்போது ஒரே கொத்து. என்னை ரேடியோ என்பார்கள். ஏன் என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தலைமையாசிரியையின் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தலைமையாசிரியை. மேஜைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், அந்த நாற்காலியே இரவல் வாங்கியது என்று தோன்றும். இன்னொருவர் பள்ளியின் ஒழுங்குக் கண்காணிப்பாளர். எந்த மூலையில் போனை ஒளித்து வைத்தாலும் அது இவர் கையில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் காந்தம். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப் பையில் பெரிய போன். இந்த ஆளுக்கு 'அவர்' போட எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் போட்டுவைக்கிறேன்.

"உங்க போன் மட்டும் உள்ள வந்திருக்கே சார்? கூடை சின்னதா போச்சா?" என்று கேட்டேன்.

"இது டியூட்டிக்கு," என்றார் காந்தம், என்னைப் பார்க்காமலேயே.

"நேத்து என்ன நடந்துச்சு?" என்றாள் அக்கா.

தலைமையாசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார். காலைக் கூட்டத்தில் பாட்டுப் போட ஸ்பீக்கர் சுவிட்சைக் காந்தம் அழுத்தியிருக்கிறார். பாட்டு வரவில்லை. அவருடைய குரலே வந்தது. யாரிடமோ போனில் பேசும் குரல். 'இந்த ஹெச்.எம். ஒரு தலையாட்டி பொம்மை மச்சான். நான் எங்க நீட்டறனோ அங்க கையெழுத்துப் போடும்.' மைதானம் முழுக்கச் சிரிப்பு. காந்தம் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். ஒயரின் மறுமுனையில் யாரோ ஒரு சிவப்பு போனைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். சிவப்பு போனை அவர் கையில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அதை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனவர், திரும்பி வந்து தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தார். போனின் பின்புறம் வெள்ளைப் பிளாஸ்திரி. அதில் அவர் கையெழுத்தில் சுருட்டையின் பெயரும் வகுப்பும்.

"போன வாரம் அவகிட்ட இருந்து பறிமுதல் பண்ண போன்," என்றார் காந்தம். "கள்ளச்சாவி போட்டு என் பீரோவைத் திறந்து எடுத்திருக்கா. என் குரலைக் கம்ப்யூட்டர்ல செஞ்சு ஸ்பீக்கர்ல விட்டிருக்கா. தம்பிக்கு நடந்ததுக்குப் பழி வாங்கறாளாம். போனைத் திறடின்னா, பாஸ்வேர்ட் தெரியாதுங்கறா. நடிப்பு!"

"போனை நான் பார்க்கலாமா?"

தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நேற்றிலிருந்து அதை அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொம்மை தலையாட்டவில்லை போலிருக்கிறது. பேட்டரி கடைசிக் கோட்டில் இருந்தது.

அக்கா பிளாஸ்திரியை நகத்தால் மெதுவாக உரித்தாள். சிவப்பு பிளாஸ்டிக் முதுகு வழவழவென்று இருந்தது. உரித்த பிளாஸ்திரியைத் திருப்பிப் பசைப்பக்கத்தைப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். பசை முழுக்க நீல நிறப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு சார்?"

"என் சட்டைல இருந்து ஒட்டியிருக்கும்."

"உங்க சட்டை வெள்ளை."

காந்தம் தன் சட்டையைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். நான் இருமல் வந்தவன் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன்.

"உங்க பீரோவைப் பார்க்கணுமே," என்றாள் அக்கா.

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அந்த பீரோ அவருடைய பெருமை. அடுத்த அறைக்கு எங்களை அழைத்துப் போய்ச் சாவியைப் போட்டுத் திறந்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ போட்டியில் வென்ற கோப்பைகளை அடுக்கி வைத்தவர்போல். தட்டுத் தட்டாகப் போன்கள், இயர்போன்கள், கைக்கடிகாரங்கள். எல்லாவற்றிலும் வெள்ளைப் பிளாஸ்திரி, பெயர், வகுப்பு.

"எடுத்த எதையும் நான் தொலைச்சதில்ல. பேர் ஒட்டாம எந்தப் பொருளும் இந்த பீரோவுக்குள்ள போனதில்ல," என்றார். "ஒட்டினா ஒட்டினதுதான். உரிச்சு எடுத்தாதான் வரும்."

அப்போது உள்ளே ஒரு போன் அதிரத் தொடங்கியது. திரையில் 'அம்மா' என்று வந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. புன்சிரிப்போடு பார்த்துக்கொண்டே நின்றார்.

"சுவிட்ச் ஆஃப் பண்ண மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பண்ணணும்? சார்ஜ் தீர்ற வரைக்கும் உள்ளயே கெடந்து கத்திக் கத்திச் சாகட்டும். வராண்டாவுல போற பசங்களுக்குக் கேக்கணும். அதுல பாதித் தண்டனை இருக்கு."

என் கை தானாக மடங்கியது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கீழ்த்தட்டின் ஆழத்தில் கையைவிட்டு ஒரு போனை இழுத்தாள். பழைய ஜீன்ஸ் துணியில் தைத்த உறை போட்ட போன். சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. அந்த பீரோவிலேயே பெயர் ஒட்டாத பொருள் அது ஒன்றுதான். உறையின் நடுவில் பிளாஸ்திரி அளவுக்கு ஒரு சதுரம், துணியின் மேல்பஞ்சு பிய்ந்து வெளுத்திருந்தது.

"இது யாருது சார்?"

"ஏதோ பழசு. பேர் விழுந்திருக்கும்."

"ஒட்டினா ஒட்டினதுதான்னு இப்பத்தானே சொன்னீங்க."

அவர் பீரோக் கதவில் கை வைத்தார். அக்கா வற்புறுத்தவில்லை. "உள்ளறையில என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பீரோவின் நடுவில் தனிப்பூட்டு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது.

"அது என் சொந்த சாமான்," என்று பீரோவை அறைந்து சாத்தினார் காந்தம்.

வராண்டாவின் கோடியில் சுருட்டை ஒரு ஸ்டூலில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க வேண்டும் என்று காந்தம் போட்ட ஏற்பாடு. அழுது முடித்த கண்கள். ஆனால் முதுகு வளையவில்லை.

"உன் போனுக்கு உறை யார் தச்சது?" என்றாள் அக்கா.

"அம்மா. பழைய ஜீன்ஸ்ல. சார் அது மேலதான் பேர் ஒட்டினார். நேத்தே சொன்னேன் ஆன்ட்டி. அந்தச் சிவப்பு போன் என்னோடது இல்லன்னு கத்தினேன். யாரும் கேக்கல." அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "போன் மாட்டினா பெத்தவங்க காலைக் கூட்டத்துல மைக்ல நின்னு 'என் வளர்ப்பு தப்பு'ன்னு சொல்லணும். அது சார் போட்ட ரூல். அம்மா வந்து சொன்னாங்க. தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கறப்போ, டாக்டர் என்ன சொன்னார்னு அம்மா கூப்பிட்டுச் சொல்லத்தான் நான் போனே கொண்டு வந்தேன்."

தையல்கார அம்மா மகளின் தலையைக் கோதினாள்.

"இந்த ஸ்கூல்ல போன் ஒளிக்கிறதுல கெட்டிக்காரங்க யாரு?" என்று பேச்சை மாற்றினேன்.

சுருட்டைக்குக்கூட லேசாகச் சிரிப்பு வந்தது. "எல்லாரும்தான் அண்ணா. ஒருத்தி டிக்ஷனரியை நடுவுல வெட்டி வெச்சிருக்கா. ஒருத்தன் டிபன் பாக்ஸ்ல ரெண்டாவது அடி வெச்சிருக்கான். சும்மா மாட்டறவங்க யாரும் கிடையாது." ஏதோ நினைவு வந்து நிறுத்தினாள். "முந்தாநாள் சின்ன காந்தம் மட்டும்தான் லூசு மாதிரி மாட்டினா."

"அது யாரு?"

"சாரோட பொண்ணு. எங்க க்ளாஸ்தான். அவங்கப்பா ரவுண்டு வர்ற நேரம் பார்த்து, பை மேலயே போனை வெச்சிருந்தா. பூனை மூஞ்சி போட்ட உறை. சத்தமா அடிச்சுது. சார் அதை எடுத்து, 'என் பொண்ணா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்'னு எல்லாருக்கும் தூக்கிக் காட்டிட்டு பீரோவுல வெக்கக் கொண்டு போனார். அவ அழக்கூட இல்ல. நாங்க யாரும் அவகூடப் பேசறதில்ல ஆன்ட்டி. எல்லாத்தையும் அப்பாகிட்டப் போட்டுக் குடுக்கறவ."

"இன்னிக்கு வந்திருக்காளா?"

"நேத்துக் காலைக் கூட்டத்துல பார்த்தேன். அப்புறம் காணோம். காய்ச்சலாம்."

நான் அக்காவைத் தனியே இழுத்தேன். "புரிஞ்சிடுச்சு அக்கா! அப்பனும் பொண்ணும் சேர்ந்து நாடகம் ஆடியிருக்காங்க. சுருட்டையை மாட்டிவிட அவளே சிவப்பு போனைக் கொண்டுபோய்ச் செருகியிருக்கா."

"தன்னையே தலையாட்டி பொம்மை கதை பேசவெச்சு, ஊரே சிரிக்கிற மாதிரி ஒருத்தன் நாடகம் ஆடுவானாடா?"

"அப்போ?"

"ஒளிக்கத் தெரிஞ்ச ஊர்ல ஒருத்தி ஒளிக்காம வெச்சா, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஆகப்போகிறது.

தலைமையாசிரியையின் மேஜையில் நீக்கல் கடிதம் தயாராக இருந்தது. காந்தமே பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அவர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்து விழும் என்று அவரே சொன்னதை நேரில் பார்த்தேன். சுருட்டை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையெழுத்து விழுந்தால் ஒரு வருஷப் படிப்பு போகும். படுத்த படுக்கையாக ஒரு தம்பியும், சம்பாதிக்க ஒரே ஒரு அம்மாவும் இருக்கிற வீட்டில், போன படிப்பு திரும்பி வருவது லேசா?

"ஒரே நிமிஷம் மேடம்," என்றாள் அக்கா. "இந்தச் சிவப்பு போன் இந்தப் பொண்ணோடதுன்னா நாங்க இப்பவே கிளம்பிடறோம். யாரோடதுன்னு அந்தப் போனையே கேட்டுடலாமா?"

"பாஸ்வேர்ட் இல்லாம எப்படிம்மா கேப்பீங்க?" என்று சிரித்தார் காந்தம்.

"ரேடியோ, உன் போன் தொலைஞ்சா எடுத்தவங்க என்னடா பண்ணுவாங்க?"

எனக்கு அப்போதுதான் தலையில் உறைத்தது. "அவசர அழைப்பை அமுக்குவாங்க அக்கா! அதுக்குப் பாஸ்வேர்டே வேணாம்!"

காந்தத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அக்கா பூட்டியிருந்த திரையில் அவசர அழைப்பைத் தொட்டாள். ஒரே ஒரு பெயர் வந்தது. அதைத் தலைமையாசிரியைக்குத் திருப்பிக் காட்டினாள். அவர் உதடு அசைய வாசித்தார். "அப்பா."

"சுருட்டைக்கு அப்பா இல்ல மேடம்," என்றாள் அக்கா. பெயரை அழுத்தினாள்.

காந்தத்தின் சட்டைப் பை அலறியது.

டியூட்டி போன் என்பதால் நல்ல சத்தம். அவர் பையைப் பொத்தினார், அமுக்கினார், அது விடாமல் கத்தியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எடுங்க சார்," என்றேன். "பெத்த பொண்ணு கூப்பிடுது. கத்திக் கத்திச் சாகட்டும்னு விட்டுடாதீங்க."

"பூனை மூஞ்சி உறையைக் கழட்டிட்டா உள்ள சிவப்பு," என்றாள் அக்கா. "அதை இந்த ஸ்கூல்ல யாரும் பார்த்ததில்ல. ஆனா வீட்ல பார்த்த நீங்க ஒயரைப் பிடுங்கின உடனே கண்டுபிடிச்சுட்டீங்க. கையில சிவப்பு போனை ஊரே பார்த்தாச்சு, போனை மாத்த முடியாது. அதனால பேரை மாத்தினீங்க. சுருட்டையோட ஜீன்ஸ் உறையில இருந்த பிளாஸ்திரியை உரிச்சு இதுல ஒட்டினீங்க. பஞ்சும் கூடவே வந்துடுச்சு."

காந்தம் குரலை உயர்த்தினார். "சரி! என் பொண்ணுதான் பண்ணினா. புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டா. பெத்தவன், மறைக்கப் பார்த்தேன். எந்த அப்பனும் செய்வான். வேணும்னா அவளை நீக்கிடுங்க மேடம், எனக்கு சட்டம்தான் முக்கியம். அந்தப் போனை இப்படிக் குடுங்க."

கை நீண்டது. பெண்ணைக் கொடுத்துவிட்டுப் போனை வாங்கத் துடிக்கிற கை.

"அதுல மிச்சம் என்ன இருக்கு சார், பெத்த பொண்ணைவிடப் பெருசா?" என்றாள் அக்கா. "ரேடியோ, மைதானத்துக்குப் பின்னால ஆசிரியர் குடியிருப்பு. ஓடு."

ஓடினேன். காந்தத்தின் வீட்டுக் கதவில் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை யாராவது வெளியே தாழ் போட்டு வைப்பார்களா? நீக்கினேன். சீருடையோடு ஒரு பெண் வாசல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நேற்று போட்ட சீருடை.

"சுருட்டையை நீக்கிட்டாங்களா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இன்னும் இல்லம்மா. வா."

எனக்கு முன்னால் அவள் ஓடினாள்.

அறைக்குள் வந்ததும் அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. நேரே சுருட்டையிடம் போனாள். "உன்மேல போடுவார்னு எனக்குத் தெரியாதுடி. நேத்து நான்தான்னு கத்தறதுக்குள்ள இழுத்துட்டுப் போய் அடைச்சுட்டார்."

"நீ வேணும்னே மாட்டின, இல்ல?" என்றாள் அக்கா.

"ஆமா ஆன்ட்டி. அப்பா எந்தப் போனையும் சுவிட்ச் ஆஃப் பண்ண மாட்டார். சாப்பாட்டு வேளையில கதவைச் சாத்திட்டு மாமாவோட பேசுவார். ரெக்கார்டிங்கை ஓடவிட்டுட்டுதான் மாட்டினேன். அவரே எடுத்துட்டுப் போய் அவர் முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டார்."

"பீரோவுல இருந்து எப்படி வெளியில வந்துச்சு?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"அன்னிக்கு ராத்திரியே அவர் குடுத்துட்டார் மேடம். மத்தவங்களுக்கு வருஷக் கடைசியில. எனக்கு சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல."

தலைமையாசிரியை பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். காந்தம் பாய்ந்தார். நான் குறுக்கே நின்றேன். நான் ஒன்றும் பயில்வான் இல்லை, ஆனால் நேற்றிலிருந்து சேர்ந்த வயிற்றெரிச்சல் உடம்பில் இருந்தது. அந்தப் பெண் போனை வாங்கிப் பூட்டைத் திறந்தாள். பொம்மைக் கதை முடிந்த இடத்திலிருந்து ஓடவிட்டாள்.

'...அது பாட்டு மிஷின் இல்ல மச்சான். காது மிஷின்னு தெரிஞ்சுதான் கழட்டினேன். போன் இல்ல சார்னு என் பொண்ணு முன்னாடி என்னையே எதுத்துப் பேசறான் பொடிப்பய. ஒரு நாள் கேக்காம இருந்தா செத்தா போயிடுவான்? வேன் வரும்னு நான் கனவா கண்டேன்? மிஷினு இங்கதான் இருக்கு, உள்ளறையில. விஷயம் ஆறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.'

பேட்டரி அதோடு தீர்ந்தது. போதும்.

"நான் பக்கத்துல நின்னேன்," என்றாள் அந்தப் பெண். இப்போதுதான் அப்பாவைப் பார்த்தாள். "அது காது மிஷின்பான்னு சொன்னேன். அவன் உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சினான். நீ எதையும் பாக்கலன்னு என்கிட்ட சொன்னீங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதான் உங்க வாயாலயே சொல்லவெச்சேன். ஊர் முழுக்கக் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன். முக்கியமான எடத்துக்கு வர்றதுக்குள்ள பிடுங்கிட்டீங்க."

"பெத்த அப்பனையே காட்டிக் குடுக்கறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்று கத்தினார் காந்தம்.

அத்தனை நேரமும் வாய் திறக்காத தையல்கார அம்மா அப்போது திறந்தாள். "அவளைத் திட்டாதீங்க சார். உங்க வீட்ல ஒழுங்கா வளர்ந்தது அவ ஒருத்திதான்."

தலைமையாசிரியை எழுந்தார். காந்தத்தின் இடுப்பை நோக்கிக் கையை நீட்டினார். "சாவி." இந்த முறை நீட்டியது அவர். சாவிக்கொத்து வந்து விழுந்தது. அந்தக் கையாலேயே போனை எடுத்துப் போலீசுக்கும் சொன்னார்.

எல்லோரும் அடுத்த அறைக்குப் போனோம். உள்ளறையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு காது மிஷின். அதன்மேல் குட்டியாக வெட்டிய வெள்ளைப் பிளாஸ்திரி. சின்னவனின் பெயர், ஏழாம் வகுப்பு, காந்தத்தின் கையெழுத்து. ஊரை ஏமாற்ற ஒளித்து வைத்த பொருளில்கூடப் பெயர் ஒட்டாமல் இருக்க அந்தக் கையால் முடியவில்லை. எடுக்கவே இல்லை என்று இரண்டு மாதமாகச் சாதித்ததை, அவன் கையே எழுதி ஒட்டி வைத்திருந்தது. ஆமாம், இனி அவன்தான். 'அவர்' போட்டது போதும்.

தையல்கார அம்மா மிஷினை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் துடைத்தாள். பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து கிழியாமல் உரித்தாள். மிஷினை ஜாக்கெட்டுக்குள் பத்திரப்படுத்தினாள். பிளாஸ்திரி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் வேணும்னு செய்யல," என்றான் காந்தம். குரல் இறங்கிவிட்டது. "மன்னிப்புக் கேக்கறேன். மைக்ல வேணும்னாலும் வந்து கேக்கறேன்."

"எனக்கு உங்க மன்னிப்பு வேணாம் சார். என் புள்ள காதுல அது விழவும் வேணாம்."

அவள் அவன் எதிரில் போய் நின்றாள். அவன் தோளுக்குத்தான் இருந்தாள். கையை உயர்த்தி, அந்தப் பிளாஸ்திரியை அவன் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே ஒட்டினாள். கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"யாருக்குச் சேர வேண்டிய பொருளோ அவங்க பேரை ஒட்டணும். உங்க ரூல்தானே? இனி நீங்க எந்த ஸ்டேஷன்ல நின்னாலும், எந்தக் கோர்ட்டுல நின்னாலும், என் புள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளு. உரிச்சு எடுத்தாதான் வரும்னு சொன்னீங்களே. முடிஞ்சா உரிச்சுப் பாருங்க."

அவன் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

போலீஸ் வண்டி வாசலில் நின்றதால் அவனை மைதானத்தின் குறுக்கே நடத்தித்தான் கூட்டிப் போனார்கள். ஒவ்வொரு வகுப்பின் ஜன்னலிலும் தலைகள். நெஞ்சில் ஒரு பொடியனின் பெயரோடு, குனிந்த தலையோடு போனான். அவன் பெண் வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுருட்டை போய் அவள் பக்கத்தில் நின்று தோளில் கை போட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. என் போன் வாசல் கூடையில் கிடந்தது. "அக்கா, இத்தனை பேர் பார்க்கறாங்க, ஒருத்தர் கையிலயாவது போன் இருக்கா பாருங்க. எல்லாத்தையும் இவனே பிடுங்கி பீரோவுல வெச்சுட்டான். ஒரே ஒரு போட்டோ கூட இல்லாம போகுதே!"

சுருட்டை திரும்பிப் பார்த்தாள். "போட்டோ வேணாம் அண்ணா. எங்க யாருக்கும் மறக்காது."